பால் ஒத்துக்கொள்ளாதவர் மங்கோலியாவில் ஐராக் குடிக்கலாமா?

கேள்வி: ஜூலையில் நாடாம் விளையாட்டுத் திருவிழா பார்க்க மங்கோலியா போகிறோம். ஒரு டம்ளர் பால் குடித்தாலே எனக்கு வயிறு உப்பி, போக்கு வந்துவிடும். தயிர் ஒத்துக்கொள்ளும். அங்கே குதிரைப்பாலைப் புளிக்கவைத்துத் தரும் ஐராக்கை மறுத்தால் வீட்டுக்காரர்கள் வருத்தப்படுவார்களாமே, என்ன செய்வது?

பதில்: தயிர் ஒத்துக்கொள்கிறது என்பதால், பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரைதான் உங்களுக்குச் செரிக்கவில்லை என்று தோன்றுகிறது. அப்படியானால் ஐராக்கை அளவோடு குடிக்கலாம்.

பசும்பாலில் லாக்டோஸ் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. குதிரைப்பாலில் 6 முதல் 7. பச்சையாகக் குடித்தால் திடமான வயிறே கலங்கும். அதை மாட்டுத்தோல் பையில் ஊற்றி, பழைய ஐராக்கை உறையாக விட்டு, மர மத்தால் ஆயிரக்கணக்கான முறை குத்திக் கடைகிறார்கள். பாக்டீரியாவும் ஈஸ்டும் சர்க்கரையைத் தின்று புளிப்பையும் வாயுவையும் சுமார் 2 சதவீத ஆல்கஹாலையும் உண்டாக்கும். ஆனால் சர்க்கரை முழுக்கத் தீராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறந்து அதே பையில் சேர்த்துக்கொண்டே இருப்பதால், சற்றுமுன் ஊற்றிய பாலும் உங்கள் கிண்ணத்துக்கு வரும். வாயில் இனிப்பு தட்டினால் வைத்துவிடுங்கள். சுருக்கென்று புளித்து நாக்கில் நுரை கடிக்க வேண்டும். முதல் நாள் அரைக் கிண்ணம், சாப்பாட்டோடு. லாக்டோஸைச் செரிக்க உதவும் லாக்டேஸ் மாத்திரை இருந்தால் முதல் வாயோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மரியாதை பற்றிப் பயம் வேண்டாம். வலக்கையால் வாங்கி, இடக்கையால் முழங்கையைத் தாங்கி, ஒரு மடக்கு குடித்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். காலி செய்தால்தான் வம்பு, உடனே நிரப்புவார்கள்.

உண்மையில் உங்களைக் கவிழ்க்கப் போவது உப்புப் பால் தேநீர். நுழைந்ததும் எந்த வீட்டிலும் அதுதான் வரும். காய்ச்சியது என்று நம்பிக் குடிப்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், லாக்டோஸ் அப்படியே இருக்கும். இரண்டு கிண்ணம் உள்ளே போன பிறகு பழி ஐராக் மேல் விழும். பாலில்லாத தேநீருக்கு ‘ஹர் சாய்’ என்று கேளுங்கள். ஆரூல் எனும் உலர்ந்த தயிர்க்கட்டியில் தெளிநீரை வடித்துவிடுவதால் லாக்டோஸ் குறைவு. கடிக்காமல் வாயில் ஊறவிடுங்கள், பல் பத்திரம்.

இப்போது இடைத்தரகர்கள். தலைநகர் உலான்பாத்தர் சாலையோரத்தில் பிளாஸ்டிக் கேன்களில் விற்கும் ஐராக்கை, ‘எனக்குத் தெரிந்த ஆள்’ என்று சொல்லி ஓட்டுநர் வண்டியை நிறுத்தினாலும் வாங்காதீர்கள். தண்ணீரோ பசும்பாலோ கலந்திருந்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. வெயிலில் எத்தனை மணி நேரம் நின்றதென்றும் தெரியாது. கூடாரத்துக்குப் பக்கத்தில் நீண்ட கயிற்றில் குதிரைக்குட்டிகளை வரிசையாகக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். குட்டி அருகில் இருந்தால்தான் தாய்க்குதிரை பால் சுரக்கும். குட்டியே இல்லாத இடத்தில் ‘இப்போதுதான் கறந்தது’ என்றால் திரும்பி நடங்கள். பயண நிறுவனங்களின் படிவமோ சைவம், அசைவம் என்ற இரண்டு கட்டத்தோடு முடிந்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாது என்று எழுத ஒரு வரி விட்டால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

ஒரு விலக்கு. பால் பட்டாலே தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வருகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு ஒவ்வாதது பாலின் புரதம். புளிக்க வைத்தாலும் அது போகாது. ஐராக், ஆரூல், பால் தேநீர் எல்லாவற்றிலும் இருக்கும். லாக்டேஸ் மாத்திரையும் உதவாது. குதிரைப்பால் வேறுதானே என்று சோதித்துப் பார்க்கவும் கூடாது, புல்வெளியிலிருந்து மருத்துவமனைக்குப் பல மணி நேரப் பயணம். உதட்டிலும் வைக்காமல் கிண்ணத்தைக் கையில் வாங்கித் திருப்பிக் கொடுத்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். ஐராக் காய்ச்சாத பால் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

பிடித்துப்போய் பாட்டிலில் அடைத்து ஊருக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். பாட்டிலுக்குள்ளும் நொதித்துக்கொண்டே இருக்கும். வாயு சேர்ந்து மூடி பிய்த்துக்கொண்டால் பெட்டியிலுள்ள துணியெல்லாம் புளித்து நாறும்.