வீட்டில் செய்த கதாயுதம்: கேள்வி பதில்

குழாயின் ஒரு முனையில் சிமென்ட் உருண்டை, மறு முனையில் நம் கை. உடற்பயிற்சிக்காகச் சுழற்றும் கருவி, அவ்வளவுதான். இதைச் செய்வது, சுழற்றுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணா, ஜிம்மில் 20 கிலோ டம்பெல் சாதாரணமாகத் தூக்குகிறேன். 10 கிலோ கதாயுதம் செய்யட்டுமா? (ஈரோடு, வயது 26)

வேண்டாம் தம்பி. டம்பெல்லில் எடை உங்கள் முஷ்டிக்கு இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. மணிக்கட்டுக்குப் பெரிய வேலை இல்லை. இதில் எடை முழுவதும் கையை விட்டு 3 அடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். 4 கிலோ உருண்டையை 90 செ.மீ. தள்ளிக் கிடையாக நீட்டினால், பிடியிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் 36 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். சந்தேகம் இருந்தால் ஒரு மண்வெட்டியை எடுங்கள். காம்பின் நுனியை ஒரே கையால் பிடித்து, தரைக்குக் கிடையாக மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். இரண்டு கிலோ சமாசாரம், மணிக்கட்டு நடுங்கும்.

முதல் கருவியின் உருண்டை 4 கிலோவைப் பெரிதாகத் தாண்ட வேண்டாம். சுமை கூட்ட வேண்டும் என்றால் கையை இன்னும் நுனிக்கு நகர்த்துங்கள். கடினமாக இருந்தால் உருண்டையை நோக்கி ஏற்றிப் பிடியுங்கள். பாதித் தூரம் ஏறினால் உருண்டையின் சுமை பாதியாகிவிடும். டம்பெல்லில் இந்த வசதி கிடையாது.

சிமென்ட் உருண்டை வார்க்க எந்த அளவு பந்தை அச்சாக வைப்பது? பழைய ஃபுட்பால் ஒன்று இருக்கிறது.

ஃபுட்பாலைத் தொடாதீர்கள்! எல்லோரும் ஆஞ்சநேயர் சிலையைப் பார்த்துவிட்டுத் தலை பெரிதாக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். 22 செ.மீ. விட்டமுள்ள பந்தில் கான்கிரீட் நிரப்பினால் 13 கிலோவைத் தாண்டும். 12 செ.மீ. பந்து 2 கிலோவுக்குச் சற்று மேல், 15 செ.மீ. 4 கிலோவுக்குச் சற்று மேல், 18 செ.மீ. 7 கிலோவுக்கு மேல். விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு என்பதை நினைவில் வையுங்கள். உங்களுக்கு 15 செ.மீ. பிளாஸ்டிக் பந்து போதும்.

கைப்பிடிக்கு முக்கால் இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், மூன்றரை அடி. பி.வி.சி. வேண்டாம், வளைந்து வளைந்து ஒருநாள் முறியும். உருண்டைக்குள் போகும் முனையில் துளை போட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு போல்ட் மாட்டுங்கள். இதை விட்டால் கொஞ்ச நாளில் உருண்டை குழாயில் தனியாகச் சுற்ற ஆரம்பிக்கும், அப்புறம் கழன்று பறக்கும். கைப் பக்கம் ஒரு எண்ட் கேப் முடுக்குங்கள். வியர்வையில் வழுக்கினாலும் அந்தக் குமிழ் கையில் தடுக்கும்.

ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், இரண்டு பங்கு சிப்ஸ் ஜல்லி. தண்ணீர் குறைவாக. குச்சியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றி, குழாயை நேராக நிறுத்திக் கட்டிவையுங்கள். மறுநாள் பந்தை அறுத்து எடுத்துவிட்டு, ஈரச் சாக்கைச் சுற்றி ஒரு வாரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 28 நாள் ஆகும் வரை சுழற்றாதீர்கள். பொறுமை இல்லாதவர்கள் உருண்டையில்தான் விரிசல் விழுகிறது.

சரி, எப்படிச் சுழற்றுவது?

முதலில் மேலே மின்விசிறி இல்லாத இடம் பாருங்கள். மொட்டை மாடி என்றால் கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி, நடுவில்.

இரண்டு கையாலும் நுனியைப் பிடித்து, உருண்டை மேலே இருக்க மார்புக்கு முன் நிறுத்துங்கள். இடது தோளைத் தாண்டி அதை முதுகுப் பக்கம் சாயவிடுங்கள். இந்த நேரத்தில் முழங்கைகள் வானத்தைப் பார்க்க வேண்டும். உருண்டை தானாக ஊசல்போல் வலப்பக்கம் போகும். போகவிடுங்கள், இழுக்காதீர்கள். அது ஏறத் தொடங்கும்போது வலது தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து, மார்புக்கு நேரே சட்டென நிறுத்துங்கள். பயிற்சியே அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. விலா, வயிறு, முன்கை எல்லாம் ஒன்றாக இறுகும். நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே போவது பார்க்க அழகு, பலன் குறைவு.

முதுகுக்குப் பின்னால் போகும்போது இடுப்பு முன்னே தள்ளி முதுகு வில்லாக வளைந்தால் எடை அதிகம் என்று அர்த்தம். பக்கத்துக்கு 10 வீதம் மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். ஆரம்பத்துக்கு இது தாராளம்.

எனக்கு வயது 52, சர்க்கரை உண்டு. வலது கை முழுதாக மேலே போவதில்லை. சுழற்றினால் சரியாகுமா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகி)

ஆகாது, மோசமாகலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் மூட்டு இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

மற்றவர்களும் ஒரு சோதனை செய்யலாம். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று இரு கைகளையும் காதை ஒட்டி மேலே தூக்குங்கள். கீழ்முதுகு சுவரை விட்டு எழும்பினாலோ, கை பாதியில் நின்றாலோ தலைக்குப் பின் சுழற்றும் நாள் இன்னும் வரவில்லை.

நம்ம ஊர் கர்லாக்கட்டை இருக்கும்போது இது எதற்கு?

இரண்டும் ஒரே குடும்பம். கர்லாவில் எடை கட்டை நெடுகப் பரவி, அடியில் பருத்திருக்கும். நீளமும் குறைவு. அதனால் தோளுக்கு இதமானது. கர்லா கிடைத்தால் அதிலிருந்தே தொடங்குங்கள் என்பதுதான் என் கட்சி. மூங்கில் காம்பில் கல் உருண்டை செருகிய கதா, வடக்கே மல்யுத்தக் களங்களில் புழங்குவது. காசியில் நாகபஞ்சமி அன்று அதில் போட்டியே நடக்கும். ஈரானின் பாரம்பரிய உடற்பயிற்சிக் கூடங்களான சூர்கானாக்களில் மீல் என்று பெரிய கட்டைகளைச் சுழற்றுகிறார்கள். இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுபோன கட்டைப் பயிற்சி, 1904, 1932 ஒலிம்பிக்குகளில் ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு போட்டியாகவே இருந்தது.

பி.வி.சி. குழாயில் தண்ணீர் நிரப்பித் தூக்குகிறார்களே?

அது வேறு ஆட்டம், நல்ல ஆட்டம். 4 இஞ்ச் குழாய் 10 அடி எடுத்து இரண்டு பக்கமும் மூடி ஒட்டி, பாதி தண்ணீர் விட்டால் உள்ளே 13 லிட்டர் போல இருக்கும். தோளில் வைத்து நடந்தால் தண்ணீர் ஓடும் பக்கமெல்லாம் உடம்பு சாயும். ஒட்டிய பசை ஒருநாள் முழுக்கக் காயட்டும்.

இதெல்லாம் செய்ய நேரமில்லை. கடையில் சம்மட்டி வாங்கிக்கொள்ளலாமா?

தாராளமாக. நாலு, நாலரை கிலோ சம்மட்டி போதும். ஆனால் மரக்காம்பு காயக் காயச் சுருங்கி, தலை லூசாகும். ஒவ்வொரு தடவையும் எடுத்தவுடன் காம்பைத் தரையில் தட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் புது ஆப்பு அடிக்காமல் சுழற்றக் கூடாது. தண்ணீரில் ஊறவைத்தால் இறுகும் என்பார்கள். இறுகும், ஆனால் காய்ந்ததும் முன்பைவிட லூசாகிவிடும்.