கனவு பைக்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டுகாட்டி 916 மேல் எனக்குப் பல வருஷத்து ஆசை. பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. 'இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு' என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: 1994இல் அறிமுகமான மாடல். இந்த வயதில் குறைவாக ஓடியது என்பது நற்சான்றிதழ் ஆகாது. முதலில் டைமிங் பெல்ட்டை (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட்) எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ரப்பர் பெல்ட், சும்மா நின்றாலும் இற்றுப்போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். பில் காட்டவில்லையா, மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ராக்கர், அதாவது வால்வை அசைக்கும் சிறிய நெம்புகோல். இந்த எஞ்சினில் வால்வைத் திறக்க ஒன்று, மூட ஒன்று. எட்டு வால்வுக்குப் பதினாறு. கவரைக் கழற்றச் சொல்லி, ராக்கர் முகத்தில் குரோம் பூச்சு உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உரிந்திருந்தால் ராக்கரைத் தள்ளும் கேமும் சேர்ந்து தேயும்.

பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வைத்து, எஞ்சினை 4000 ஆர்பிஎம்மில் ஓடவிட்டுப் பாருங்கள். 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 13க்குக் கீழே இறங்கினாலோ 15ஐத் தாண்டினாலோ சார்ஜிங்கில் கோளாறு, பெரும்பாலும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்தான். கிளட்ச் லீவரைப் பிடித்தால் கடகடவென்று சத்தம் வரும். பயப்படாதீர்கள், எண்ணெயில் மூழ்காத டிரை கிளட்ச் அப்படித்தான்.

கேள்வி: பல வருஷம் ஷெட்டில் நின்ற வண்டி. டயர் தேயவே இல்லை. அப்படியே ஓட்டலாமா?

பதில்: டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2312 என்றால் 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் இறுகியிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது. மாற்றிவிடுங்கள்.