பாட்டு முடிந்த இடத்தில் பாருங்கள்: கிட்டார், ராக், ரெக்கார்ட் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதி "எது அசல்?" என்று கேட்கின்றன. மீதியில் பெரும்பகுதி "எவ்வளவுக்குப் போகும்?" ரகம். நடுவில் பாட்டு கேட்கிறவர்கள் சிலரும் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு இடம் தாராளமாகவே ஒதுக்கியிருக்கிறேன்.

அண்ணா, பழைய எல்.பி. ரெக்கார்ட் வாங்கும்போது அது முதல் அச்சா, பின்னால் அடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையில் 1969 என்றுதான் போட்டிருக்கிறது. (கோவை)

அட்டையை நம்பாதீர்கள் தம்பி. அதில் இருப்பது பெரும்பாலும் ஆல்பம் வெளிவந்த வருஷம். பதினைந்து வருஷம் கழித்து அடித்த தட்டிலும் அதே 1969 இருக்கும். கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்குள் வழுவழுவென்று ஒரு வளையம் வருமே, டெட் வாக்ஸ் என்போம், அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அச்சாகக் குத்தியோ கையால் கீறியோ எண்களும் எழுத்துகளும் தெரியும். தட்டின் ஜாதகம் அதுதான்.

பிரிட்டனில் இ.எம்.ஐ. ரெக்கார்ட் கம்பெனி தன் ஹேய்ஸ் ஆலையில் அடித்த தட்டு என்றால் இன்னும் சுவாரசியம். பதிவின் அடையாளமான மேட்ரிக்ஸ் எண் கடிகாரத்தின் 6 மணி இடத்தில் வரும்படி தட்டைப் பிடியுங்கள். 9 மணி இடத்தில் ஓர் எண், 3 மணி இடத்தில் ஓரிரு எழுத்து இருக்கும். எண் 'மதர்' என்ற தாய்த் தகட்டைச் சொல்கிறது, எழுத்து அதிலிருந்து எடுத்து, தட்டை அடிக்கும் 'ஸ்டாம்பர்' அச்சைச் சொல்கிறது. கம்பெனியின் பழைய பெயரான கிராமபோன் லிமிடெட்டைச் சுருக்கிய பத்து ஆங்கில எழுத்துகளை 1 முதல் 0 வரை வரிசையாக வைத்துக்கொண்டார்கள். ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, இப்படி. 'ஆர்ஓ' என்று இருந்தால் 25-வது ஸ்டாம்பர். எண் சிறிதாக இருந்தால் முன்னதாக அடித்தது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

பழசா புதுசா என்பதோடு இது முடியவில்லை. ஒரே ஆல்பம் வேறு வேறு சத்தத்தில் ஒலிப்பதற்கும் காரணம் அங்கேதான் எழுதியிருக்கும். லெட் ஸெப்லின் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தை (1969) அமெரிக்காவில் முதலில் வெட்டியவர், அதாவது பதிவைத் தட்டுக்கான பள்ளமாகச் செதுக்கியவர், பாப் லட்விக். டிரம்ஸும் பாஸும் அறையை அதிரவைக்கும்படி வெட்டினார். அட்லான்டிக் ரெக்கார்ட்ஸ் தலைவர் அகமத் எர்டிகன் வீட்டில், அவர் மகளின் மலிவு விலை பிளேயரில் ஊசி துள்ளிக் குதித்துவிட்டது. உடனே அந்த வெட்டை நிறுத்திவிட்டு, சத்தத்தை அமுக்கி வேறொன்று வெட்டினார்கள். லட்விக் சொல்லிய கதை இது. டெட் வாக்ஸில் 'ஆர்.எல்.' என்ற அவருடைய முதலெழுத்துகள் இருக்கும் அந்த முதல் தட்டுக்கு இன்றைக்கும் அடிதடி. இரண்டு தட்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டால், ஏன் அடிதடி என்று காது சொல்லிவிடும்.

அந்த ஆர்.எல். தட்டு நம் ஊரில் கிடைக்குமா? (அதே கோவை)

கண்ணில் பட்டால் பேரம் பேசும்போது முகத்தில் எதுவும் காட்டாதீர்கள்.

ஐயா, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பீட்டில்ஸ் தட்டு ஒன்று கிடைத்தது. கனமாக இருக்கிறது, 78 என்று போட்டிருக்கிறது. பீட்டில்ஸ் காலத்தில் 78 உண்டா? போலியா? (தஞ்சாவூர்)

முதல் வேலையாக அதைப் பஞ்சு மெத்தையில் வையுங்கள். போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிரிட்டனில் 1960 வாக்கில் 78 தட்டுகளுக்கு (நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுபவை) விடை கொடுத்துவிட்டார்கள். இந்தியாவிலோ சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்கள் ஊர்ப்பக்கம் இன்னும் பாடிக்கொண்டிருந்தன. அவர்களை விட்டுவிட மனசில்லாமல், கல்கத்தா டம்டம் ஆலையில் கிராமபோன் கம்பெனி பீட்டில்ஸ் பாட்டுகளைப் பார்லபோன் லேபிளில் 78-ஆகவும் அடித்தது. லண்டன் சேகரிப்பாளர்களே இங்கே தேடி அலையும் சரக்கு அது.

சில விஷயங்களில் கறாராக இருங்கள். ஸ்பிரிட், சானிடைசர் எதையும் தட்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். 78 தட்டு ஷெல்லாக்கில் செய்தது. ஷெல்லாக் என்பது அரக்கு, ஆல்கஹால் பட்டால் கரையும். ஈரம் லேசாகத் தொட்ட மென்துணி போதும், லேபிளில் படவே கூடாது. எல்.பி. ஊசியாலும் போடாதீர்கள். 78-இன் பள்ளம் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம், சின்ன ஊசி அடியில் கிடக்கும் அழுக்கை உழுதுகொண்டு போகும். அழகாக இருக்கிறதே என்று தாத்தாவின் கிராமபோனிலும் ஏற்ற வேண்டாம், எஃகு ஊசி அதைச் சுரண்டியெடுத்துவிடும். 78-க்கென்று தனி ஊசி விற்கிறது. ஒரே ஒருமுறை போட்டு, கணினியில் பதிவு செய்துகொண்டு, எடுத்து வைத்துவிடுங்கள்.

அண்ணே, லெட் ஸெப்லின் முதல் ஆல்பத்துல வர்ற அந்த கிட்டார் சவுண்டு வேணும். கடன் வாங்கியாவது லெஸ் பால் மாடல் எடுத்துரலாம்னு இருக்கேன். சரியா? (மதுரை, கல்லூரி மாணவர்)

கடன் வாங்காதே தம்பி. அந்தக் குழுவின் கிட்டார்காரர் ஜிம்மி பேஜ் போஸ்டரில் லெஸ் பாலோடு நிற்பது உண்மை. ஆனால் 1969-இல் வந்த அந்த முதல் ஆல்பத்தை அவர் பெரும்பாலும் ஃபெண்டர் டெலிகாஸ்டரில்தான் வாசித்தார், அதுவும் இன்னொரு கிட்டார்காரரான ஜெஃப் பெக் கொடுத்தது. 1971-இல் வந்த, எல்லாக் கடையிலும் பையன்கள் வாசித்துப் பார்க்கும் 'ஸ்டெயர்வே டு ஹெவன்' என்ற அந்த நீளமான பாட்டின் சோலோவும் டெலிகாஸ்டர்தான். கூட இருந்தது ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், ஆம்ப் என்போம். மலை மாதிரி ஆம்ப்களை அடுக்கி எடுத்த சத்தம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

மரமும் பெயரும் அப்புறம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் என்ன, ஆம்பை எந்த அளவுக்குத் திருகியிருக்கிறார்கள், மைக்கை எவ்வளவு தள்ளி வைத்தார்கள், கை எப்படி விழுகிறது, இவைதான் நீ கேட்கும் சத்தம். கையில் இருக்கும் காசில் சுமாரான கிட்டார் ஒன்றை எடு. மிச்சத்தை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து நெக், ஆக்ஷன் (கம்பியின் உயரம்), இன்டொனேஷன் (சுரம் சரியாக விழுவது) எல்லாம் சரி செய்யச் சொல். கம்பி, நெக்கில் பதித்த ஃப்ரெட் பட்டைக்கு மேல் கொடி கட்டிய மாதிரி நிற்கிற விலையுயர்ந்த கிட்டாரை விட அது நன்றாக வாசிக்கும்.

என் ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) மாடல் கிட்டாரை ஆம்பில் செருகினால் 'ம்ம்ம்' என்று ஓயாமல் ஒரு ரீங்காரம். டியூப்லைட் பக்கம் போனால் அதிகமாகிறது. கிட்டார் பழுதா சார்? (சேலம்)

பழுது இல்லை. உங்கள் கிட்டாரில் இருக்கும் சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) பிக்கப் ஆன்டெனா மாதிரியும் வேலை பார்க்கும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஓசையையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. கிப்சன் கிட்டார் கம்பெனியில் இருந்த சேத் லவர் 1955-இல் இதற்கு வழி கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு காயில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்று, காந்தமும் தலைகீழ். கம்பியின் ஒலி இரண்டிலும் சேர்ந்துகொள்ளும், ரீங்காரம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஹம்பக்கர் என்பது அதுதான். 1957 முதல் கிட்டார்களில் ஏறியது.

உங்களுக்குச் செலவில்லாத வழி ஒன்று: சுவிட்சை 2-ஆம் அல்லது 4-ஆம் நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். பிற்காலத்து ஸ்ட்ராட் மாடல்கள் பெரும்பாலானவற்றில் நடு பிக்கப்பைத் தலைகீழாகச் சுற்றியிருப்பார்கள், ரீங்காரம் அடங்கும். அடங்காவிட்டால் வீட்டு எர்த் இணைப்பை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். அது கிட்டாரை விட முக்கியம்.

விரல் நுனி எரிகிறது, வாசிப்பை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். (திருநெல்வேலி)

பிளாக் சபாத் ராக் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி 17 வயதில் பர்மிங்காம் தகரப் பட்டறை ஒன்றில், வேலையின் கடைசி நாளில், வலது கை நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தார். அவர் இடதுகைக்காரர், அதனால் கம்பியை அழுத்தும் விரல்களே போயின. பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். கம்பி உறுத்தியதால் மெல்லிய கம்பிக்கு மாறினார், அதற்கு பாஞ்சோ கம்பியைக்கூடப் போட்டுப் பார்த்தார். 1971 ஆல்பத்தில் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். கம்பி தளர்ந்தது, சத்தம் கனத்தது, ஹெவி மெட்டலுக்கு அந்தக் கனம் ஒட்டிக்கொண்டது. நீங்களும் மெல்லிய கம்பி போடுங்கள், அரைச்சுரம் இறக்குங்கள். தினமும் கொஞ்ச நேரம் வாசியுங்கள், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வேண்டாம்.

பழைய கிட்டார் வாங்கி வைத்தால் நிலம் மாதிரி விலை ஏறுமாமே? (சென்னை)

எந்தக் கிட்டார் என்பதைப் பொறுத்தது. 1958 முதல் 1960 வரை வந்த, கிப்சனின் சன்பர்ஸ்ட் நிற லெஸ் பால் இன்றைக்குக் கோடிகளில். ஆனால் அன்றைக்கு அது போணியாகவில்லை, கிப்சன் 1961-இல் வடிவத்தையே மாற்றிவிட்டது. 1966-இல் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன், ஜான் மேயால் குழுவின் ஆல்பத்தில் பழைய லெஸ் பாலை ஒரு மார்ஷல் ஆம்பில் செருகி வாசித்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. 1968-இல் கிப்சன் மறுபடியும் லெஸ் பாலைத் தயாரிக்க ஆரம்பித்தது.

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோரின் கருப்பு ஸ்ட்ராட் 2019-இல் நியூயார்க் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது. பணம் பருவநிலைக்காகப் போராடும் அமைப்புக்கு. கில்மோர் அதன் நெக்கை மாற்றினார், பிக்கப்பை மாற்றினார், துளை போட்டார், அடைத்தார். நம் சேகரிப்பாளர் பார்த்தால் மயங்கி விழுவார். நீங்கள் வாங்கிப் பூட்டி வைக்கப்போகும் கிட்டாரை எந்தக் கில்மோரும் வாசிக்கப்போவதில்லை. நிலமே வாங்குங்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸின் ஜிப் வைத்த அட்டை கிடைத்திருக்கிறது. ஜிப் ஏன் பாதி இறக்கிய நிலையில் இருக்கிறது? (புதுச்சேரி)

'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' என்ற 1971 ஆல்பம், யோசனை ஓவியர் ஆண்டி வார்ஹோலுடையது. உண்மையான ஜிப் என்பதால் அடுக்கி அனுப்பும்போது அதன் கைப்பிடி பக்கத்துத் தட்டில் அழுத்திப் பாட்டைக் கெடுத்தது. ஜிப்பை நடுவரை இறக்கி அனுப்பினார்கள், அழுத்தினாலும் லேபிளில்தான் அழுத்தும். ஆகவே மேலே ஏற்றாதீர்கள். அலமாரியில் அந்தப் பக்கம் ஒரு கெட்டி அட்டையையும் செருகி வையுங்கள்.

பீட்டில்ஸின் சார்ஜென்ட் பெப்பர் ஆல்பம், மோனோ (ஒரே ஒலிப்பாதை) வாங்குவதா ஸ்டீரியோவா (இடம், வலம் இரண்டு)? (பெங்களூரு)

மோனோ. 1967-இல் பீட்டில்ஸ் கூடவே உட்கார்ந்து மிக்ஸ் செய்தது மோனோவைத்தான். ஸ்டீரியோவைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் பின்னர் வேகமாக முடித்தார்கள். வீட்டை விட்டுப் போகும் பெண்ணைப் பற்றிய பாட்டு மோனோவில் கொஞ்சம் வேகமாக, சுருதி ஏறி ஓடும். அதைக் கேட்டுப் பழகினால் ஸ்டீரியோ தூங்குகிற மாதிரி இருக்கும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் போதாதா? (பல ஊர்கள்)

போதும்.

கடலோர வீடு. கிட்டார் கம்பி துருப்பிடிக்கிறது, ரெக்கார்ட் அட்டையில் பூஞ்சை. என்ன செய்யலாம் அண்ணா? (நாகப்பட்டினம்)

வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் அடியோடு சேர்த்துத் துடையுங்கள். சுவரில் மாட்டாமல் பெட்டியில் வையுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், நிறம் மாறினால் மாற்றுங்கள். மரம் ஈரம் குடித்தால் அக்கூஸ்டிக் கிட்டாரின் வயிறு உப்பும், கம்பி உயரும். ராப்பகலாக ஏசி ஓடினால் எதிர்ப்பக்கம், மரம் சுருங்கி ஃப்ரெட் நுனி கையைக் கீறும்.

தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். பழைய கெட்டியான பி.வி.சி. உறைகளைக் கழற்றி எறியுங்கள், நாளடைவில் தட்டில் மங்கல் படியும். பூஞ்சை பிடித்த அட்டையை நல்ல தட்டுகளோடு சேர்த்து வைக்காமல் தனியாகக் காற்றாட விடுங்கள். உள்ளுறை காகிதம் நாறினால் அதை மட்டும் புதிதாக மாற்றுங்கள், அட்டையை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.