போர்வீரரின் நோட்டுப் புத்தகத்தை அச்சிட்டது தவறா?

கேள்வி: கோயில் வரலாறும் இந்திய தேசிய ராணுவ வீரர்களின் வாழ்க்கையும் எழுதுகிறேன். மலாயாவில் நேதாஜியின் படையில் சேர்ந்து இம்பால் வரை போனவர் ஒருவர். ஊர் திரும்பி எழுதிய நினைவுக் குறிப்பை அச்சிடாமலேயே 1961இல் இறந்துவிட்டார். அவருடைய மகன் கண்கலங்கி அந்த நோட்டை என்னிடம் தந்தார். 40 பக்கங்களை அப்படியே நூலில் சேர்த்தேன். தாத்தாவை எட்டிப் பார்க்காத, மகள் வழிப் பேரப்பிள்ளைகள் இப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். 60 ஆண்டு கடந்தபின் பதிப்புரிமை ஏது?

பதில்: யார் கண்கலங்கினார், யார் எட்டிப் பார்க்கவில்லை என்பதை நீதிமன்றம் கேட்காது. அந்த எழுத்து அவர் உயிரோடு இருந்தபோது அச்சேறவில்லை; வழக்கு அதில்தான் நிற்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 24ஆம் பிரிவின்படி, இத்தகைய எழுத்துக்கு 60 ஆண்டுக் கணக்கு முதல் வெளியீட்டிலிருந்தே தொடங்கும். உரிமையாளரின் அனுமதியின்றி அச்சிட்டது அந்தக் கணக்கில் வெளியீடாகவே சேராது. மகன் தந்தது தாளை. எழுத்தின் உரிமை வாரிசுகள் அனைவருக்கும் பொது. அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். போர்ச் செய்திகள் எவருக்கும் சொந்தமல்ல, அந்த 40 பக்க வாசகங்கள்தான் சிக்கல்.

இனி விற்பனைதான் பெரிய ஆபத்து. நோட்டீஸுக்கு முன்னால் "தெரியாது" என்று வாதாடலாம். பிறகு விற்கும் ஒவ்வொரு பிரதியும் தெரிந்தே செய்த மீறலாகும். 63ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிப்பக ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். வழக்கு வந்தால் நட்டஈடு முழுவதும் ஆசிரியர் பொறுப்பு என்ற வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்திட்டு வீட்டை அடமானம் வைத்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

சமரசம் செய்துகொள்ளுங்கள். ஆனால் மூத்த பேரனுக்கு மட்டும் பணம் தந்து ரசீது வாங்காதீர்கள். என்னிடம் வந்த ஓர் எழுத்தாளர் அப்படிச் செய்தார். ஆறே மாதத்தில் அந்தப் பேரனின் தங்கை வழக்குப் போட்டார். மகன், மகள் வழியினர், வெளிநாட்டில் இருப்பவர் உட்பட எல்லா வாரிசுகளும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அந்த 40 பக்கங்களை நீக்கி, செய்தியை உங்கள் நடையில் எழுதி மறுபதிப்புப் போடுங்கள். அதுவரை அவர்களோடு தொலைபேசியில் பேசவே வேண்டாம். கோயில் நூலுக்காக மறைந்த குருக்களின் அச்சேறாத கைப்பிரதி எதையாவது வைத்திருந்தால், அதற்கும் இதே கணக்குதான்.