தோட்டாக் கூட்டுக்கு மசகு தடவ வேண்டுமா?

கேள்வி: உரிமத்தோடு, சட்டப்படி, வீட்டிலேயே தோட்டா ரீலோடிங் (சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்புவது) செய்யத் தொடங்கியிருக்கிறேன். என்னிடம் இருப்பவை கைத்துப்பாக்கித் தோட்டாவான 38 ஸ்பெஷலும் ரைஃபிள் தோட்டாவான 308 வின்செஸ்டரும். முதலாவதற்குக் கார்பைடு டை (கூட்டை நெருக்கி அளவு திருத்தும் அச்சு), ரைஃபிளுக்குச் சாதாரண எஃகு டை. கார்பைடு இருந்தால் மசகே வேண்டாம் என்கிறார் ஒரு நண்பர். எதுவானாலும் தடவு என்கிறார் இன்னொருவர். கடையில் ஸ்பிரே, மெழுகு டப்பா, பேடில் ஊற்றிக் கூட்டை அதன்மேல் உருட்டும் திரவம் என்று மூன்று வகை இருக்கின்றன. எதை வாங்கலாம்? கையில் இருக்கும் டபிள்யூ.டி-40 போதாதா?

பதில்: 38 ஸ்பெஷலுக்கு வேண்டாம், 308க்குக் கட்டாயம் வேண்டும். டபிள்யூ.டி-40 எதற்கும் வேண்டாம்.

ஏன் என்று தெரிந்துகொண்டால் பிறகு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. சுடும்போது பித்தளைக் கூடு துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் அளவுக்கு விரிந்துவிடுகிறது, அதைப் பழைய அளவுக்கு நெருக்கிக் கொண்டுவருவதுதான் டையின் வேலை. பித்தளை மென்மையான உலோகம், எஃகோடு அழுத்தமாக உரசினால் இழுபட்டு அதன்மேலேயே அப்பிக்கொள்ளும். கார்பைடு மிகக் கடினமானது, கண்ணாடி போல வழவழப்பானது, பித்தளை அதில் அப்புவதில்லை. அதோடு 38 ஸ்பெஷல் நேரான கூடு என்பதால் டையின் வாயில் இருக்கும் கார்பைடு வளையம் ஒரு நேரத்தில் கூட்டின் ஒரு சிறு பட்டையை மட்டும்தான் நெருக்குகிறது. 308 அப்படியில்லை, அது பாட்டில் வடிவக் கூடு. உடல், தோள், கழுத்து மூன்றையும் டை ஒரே நேரத்தில் கவ்வுகிறது, அவ்வளவு பரப்பு உரசும்போது மசகு இல்லாமல் நடக்காது. ரைஃபிளுக்கும் கார்பைடு டை விற்கிறார்கள், மசகுச் செலவு மிச்சம் என்று நினைத்து அதை வாங்கிவிடாதீர்கள்: விலை பல மடங்கு, அதற்கும் மசகு தடவித்தான் ஆக வேண்டும். அது தேயாமல் நீண்ட நாள் உழைக்கும் என்பதுதான் லாபம், ஆயிரக்கணக்கில் செய்பவர்களுக்கு அது சரி.

மசகு சரியாகப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு முறை பார்த்துவிட்டேன். ஸ்பிரே அடித்துவிட்டு, காயும்வரை காத்திருக்காமல் அவசரமாகக் கூட்டைப் பிரஸ்ஸில் (கூட்டை டைக்குள் தள்ளும் கைப்பிடிக் கருவி) வைத்தேன். உள்ளே போகும்போதே கைப்பிடி வழக்கத்தைவிடக் கனத்தது, அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. திரும்ப இழுத்தபோது பட்டென்று ஒரு சத்தம், கூட்டின் விளிம்பு மட்டும் பிய்ந்து கையோடு வந்தது, மீதி டைக்குள்ளேயே தங்கிவிட்டது. அப்புறம் அடிப்பக்கத்தில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் முறுக்கி வெளியே இழுப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விட்டது. அதற்கென்றே தனிக் கருவி விற்கிறது, ஆனால் அது தேவைப்படாமல் இருப்பதே நல்லது. கைப்பிடி கனத்தால் நிறுத்துங்கள், மெதுவாக வெளியே எடுங்கள், இன்னும் கொஞ்சம் தடவிவிட்டு மறுபடி விடுங்கள்.

சரி, எதை வாங்குவது? புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது மெழுகு டப்பாதான். இம்பீரியல் சைசிங் மெழுகு மாதிரி ஒரு சின்ன டப்பா நெடுநாள் வரும். விரல் நுனியால் மெழுகை ஒரு தொடு தொட்டு, கூட்டின் உடலில் ஒரு சுற்று தேய்த்தால் போதும், தொட்டால் லேசாக வழுக்க வேண்டும், பார்த்தால் பளபளவென்று ஈரமாகத் தெரியக்கூடாது. அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் தடிப்பாக இருக்கும், அழுத்தம் அங்கேதான் அதிகம், அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். தோளில் தடவவே தடவாதீர்கள். அங்கே சேரும் மசகுக்குப் போக வழி இல்லாமல் பித்தளையை உள்ளே குழி விழ அமுக்கிவிடும். சின்னக் குழி அடுத்த முறை சுடும்போது நிமிர்ந்துவிடும், கூர்மையாக மடிந்திருந்தால் அந்தக் கூட்டைத் தூக்கிப் போடுங்கள். கழுத்தின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷில் தொட்ட கிராஃபைட் தூளோ மைக்கா தூளோ போதும். வெளியே இழுக்கும்போது கிறீச்சென்று கேட்டால் அங்கே மசகு போதவில்லை என்று அர்த்தம், அப்படியே இழுத்துக்கொண்டிருந்தால் கழுத்தும் தோளும் நீண்டுவிடும்.

ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் செய்பவர்களுக்கு ஸ்பிரே வசதி. லானோலின் என்ற ஆட்டுரோம மெழுகை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து வீட்டிலேயே கலந்துகொள்பவர்களும் நிறைய உண்டு. எதுவானாலும் ஆல்கஹால் முழுக்க ஆவியாகும்வரை சில நிமிடம் பொறுக்க வேண்டும், அது எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் வெடிமருந்து இருக்கும் மேசையில் வேண்டாம். பேடில் அளவு கைக்கு வருவது கடினம், ஊறிப்போன பேடில் தூசியும் சேரும், அந்தத் தூசி டையைக் கீறும். அதே காரணத்துக்காகத்தான் கூட்டைச் சுத்தம் செய்துவிட்டு மசகு தடவச் சொல்கிறேன். டபிள்யூ.டி-40 ஈரத்தை விரட்டுவதற்காக 1953இல் உருவான திரவம், பெயரில் இருக்கும் டபிள்யூ.டி என்பதே 'வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்', அதாவது நீரை விரட்டுவது. இந்த அழுத்தத்தைத் தாங்கும் படலம் அதில் கிடையாது.

கடைசியாக ஒன்று, பலரும் சோம்பலில் விடுவது இதைத்தான்: அளவு திருத்தி முடித்ததும் மசகைத் துடைத்துவிடுங்கள், புது பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மருந்தும் போடுவதற்கு முன்பே. எண்ணெய் உள்ளே கசிந்தால் இரண்டுமே கெடும். அதைவிட முக்கியம், சுடும்போது காய்ந்த கூடு விரிந்து அறைச் சுவரைப் பிடித்துக்கொள்கிறது, பின்னோக்கி வரும் விசையில் ஒரு பங்கை அந்தப் பிடிப்பே தாங்குகிறது. வெளியே வழுவழுவென்று இருந்தால் அந்தச் சுமையும் சேர்ந்து, அறையைப் பின்னாலிருந்து மூடும் ரைஃபிள் போல்ட்டின் மேல் விழும். இத்தாலியின் ப்ரெடா 30 மாதிரி, கூட்டுக்கு எண்ணெய் போட்டுச் சுடும்படியே செய்த இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன என்பது உண்மை, வட ஆப்பிரிக்க மணல் அந்த எண்ணெயில் ஒட்டி அவை படுத்திய பாடும் உண்மை. உங்கள் ரைஃபிள் அப்படிச் செய்யப்பட்டதில்லை. பழைய பருத்தித் துணி ஒன்றைப் பிரஸ் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கூடாகத் துடைத்து, விரலில் வழுக்கவில்லை என்று தொட்டுப் பார்த்து அடுத்த தட்டில் வையுங்கள்.