வவுனியாப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏன்? தேய்த்தால் போகுமா?

போகாது. அது ஊத்தையே இல்லை. வவுனியாப் பக்கம் பல கிணறுகளில், முக்கியமாகக் குழாய்க் கிணறுகளில், பாறையிலிருந்து கரைந்த புளோரைட்டு கூடுதல். லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்கு மேல் உள்ள தண்ணீரைக் குடித்துவந்தால், சுமார் 8 வயதுக்குள், நிரந்தரப் பல் முரசுக்குள்ளேயே உருவாகும்போது பல்லின் மேற்படையான எனாமல் பழுதாகிறது. பழுப்பு அப்புறம்தான் ஏறும். அதனால் வளர்ந்தபின் இங்கே குடிவந்தவருக்கு இது வராது.

வேடிக்கை என்னவென்றால், சூத்தை வராமல் இருக்கப் பற்பசையில் சேர்ப்பதும் இதே புளோரைட்டுதான். அளவுதான் விஷயம்.

கொதிக்கவைத்தால் சரியாகும் என்பார்கள். கிருமி சாகும், புளோரைட்டு போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். சின்னப் பிள்ளைக்கு ஆர்.ஓ. (கரைந்த உப்புகளையும் வடிகட்டும் இயந்திரம்) தண்ணீர் கொடுங்கள். கறையை மறைக்கப் பல் வைத்தியரிடம் வழி உண்டு. கரி போட்டு உரஞ்ச வேண்டாம்.