சிக்னல் முழுதாக இருந்தும் வேகம் இல்லை: மாடியறைக்கு வைஃபையைக் கொண்டுசெல்வது எப்படி?

கேள்வி: எங்களுடையது இரண்டு தளங்கள் கொண்ட வீடு. ரவுட்டர் கீழ்த்தளத்தின் முன்னறையில் இருக்கிறது. மாடியின் பின்னறையில் சிக்னல் மிகவும் குறைவாக இருந்ததால் ரவுட்டரின் சிக்னலைப் பெற்றுத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி அந்த அறையிலேயே பொருத்தினேன். இப்போது சிக்னல் முழுதாகக் காட்டுகிறது. ஆனாலும் வீடியோ அழைப்பு முன்போலவே திக்கித் திணறுகிறது. பழைய ரவுட்டர் ஒன்று பயன்படுத்தாமல் கிடக்கிறது. அதை மாடியில் வைத்தால் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. கீழிருந்து மாடிக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் இழுக்க வழியிருந்தால், புதிதாக எதையும் வாங்குவதைவிட அந்தப் பழைய ரவுட்டரே உங்களுக்கு நன்றாக உதவும். அதற்கு முன், ரிப்பீட்டர் ஏன் பலன் தரவில்லை என்பதைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் தொலைபேசி காட்டும் கோடுகள், தொலைபேசிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலான சிக்னலை மட்டுமே குறிக்கின்றன. ரிப்பீட்டருக்கும் கீழே உள்ள ரவுட்டருக்கும் இடையிலான தொடர்பு எப்படி இருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. சிக்னல் வராத அறையில் வைக்கப்பட்ட ரிப்பீட்டர், தனக்கே அரைகுறையாக வந்து சேர்வதைத்தான் திருப்பி அனுப்ப முடியும். அதோடு, ஒரே அலைவரிசையில் இயங்கும் ரிப்பீட்டர் ஒவ்வொரு தரவையும் ஒருமுறை வாங்கி, அதே சேனலில் மறுமுறை அனுப்ப வேண்டியிருப்பதால், கிடைக்கும் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. ஆகவே ரிப்பீட்டரை மாடிப்படியின் தலைமாட்டைப் போல, ரவுட்டரின் சிக்னல் இன்னும் வலுவாக வந்துசேரும் ஓர் இடைப்பட்ட இடத்துக்கு நகர்த்துங்கள். சிக்னலை அளக்கும் செயலி ஒன்றைத் தொலைபேசியில் நிறுவிப் பார்த்தால் இடம் தேர்வது எளிது: மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது) அளவில் காட்டும் இடம் நல்லது, மைனஸ் 80-ஐ நெருங்கும் இடம் ரிப்பீட்டருக்கு உதவாது. கூடவே, தற்போதுள்ள ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்தோ தரையிலிருந்தோ எடுத்து, வீட்டின் நடுப்பகுதிக்கு அருகே உயரமாக வைக்க முடியுமா என்றும் பாருங்கள். சில வீடுகளில் இதுவே போதுமானதாகிவிடும்.

இனி பழைய ரவுட்டருக்கு வருவோம். அதை அக்சஸ் பாயிண்டாக மாற்ற வேண்டும். அதாவது, நெட்வொர்க்கில் சேரும் கருவிகளுக்கு முகவரி வழங்குவது, இணையத்தோடு இணைப்பது ஆகிய வேலைகளை முதன்மை ரவுட்டரிடமே விட்டுவிட்டு, கேபிள் வழியாக வருவதை வைஃபையாகப் பரப்பும் வேலையை மட்டும் இதற்குக் கொடுக்க வேண்டும். முதலில் அதன் ரீசெட் பொத்தானை அழுத்திப் பழைய அமைப்புகளை அழித்துவிடுங்கள். பிறகு வீட்டு நெட்வொர்க்கோடு சேர்க்காமல், ஒரு கணினியை மட்டும் அதனோடு கேபிளால் இணைத்து, அதன் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கத்தைத் திறங்கள். அக்சஸ் பாயிண்ட் என்றே ஒரு தேர்வு அங்கே இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, கேபிளை எந்தப் போர்ட்டில் செருகச் சொல்கிறதோ அதில் செருகினால் போதும்.

அப்படியொரு தேர்வு இல்லாவிட்டால் இரண்டு மாற்றங்களை நீங்களே செய்ய வேண்டும். முதன்மை ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால், பழையதற்கு 192.168.1.2 என்பது போல வேறொரு முகவரியைக் கொடுங்கள். அது, முதன்மை ரவுட்டர் மற்றக் கருவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முகவரி வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். அடுத்து, புதிய முகவரியில் மீண்டும் உள்நுழைந்து, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி என்ற வசதியை நிறுத்திவிடுங்கள். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு ரவுட்டர்கள் முகவரி வழங்கத் தொடங்கினால், சில கருவிகள் இணையத்துக்கு வழி தெரியாத ரவுட்டரையே நம்பி நின்றுவிடும்; ‘சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை’ என்ற புரியாத சிக்கலுக்கு இது ஒரு முக்கியமான காரணம். கடைசியாக, முதன்மை ரவுட்டரின் லேன் (வீட்டுக் கருவிகளை இணைக்கும்) போர்ட்டிலிருந்து பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டுக்குக் கேபிளை இணைத்து, பழையதன் வேன் (வெளியிலிருந்து இணையம் வரும்) போர்ட்டைக் காலியாக விடுங்கள். வேன் போர்ட்டில் செருகினாலும் இணையம் வரத்தான் செய்யும்; ஆனால் மாடி தனியொரு நெட்வொர்க்காகப் பிரிந்துவிடுவதால், கீழே உள்ள பிரிண்டர் மாடியில் இருக்கும் தொலைபேசியின் கண்ணில் படாமல் போகும்.

கேபிளின் நீளம் 100 மீட்டர் வரை இருக்கலாம் என்பதால் வீட்டுக்குள் அதுபற்றிக் கவலையில்லை. கேட் 5இ அல்லது அதற்கு மேற்பட்ட வகை, நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். ஆனால் பழைய ரவுட்டரின் போர்ட்டுகள் நொடிக்கு 100 மெகாபிட் வகையாக இருந்தால், உங்கள் இணைய இணைப்பு எவ்வளவு வேகமானதானாலும் மாடியில் அதற்கு மேல் கிடைக்காது. வீடியோ அழைப்புக்கு இதுவே தாராளம். கிகாபிட் போர்ட்டுகள் இருந்தும் 100-ஐத் தாண்டவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்: கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் சரியாக இணைந்திருக்க வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகளே போதும்.

வைஃபையின் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றையும் இரண்டு ரவுட்டர்களிலும் ஒன்றாகவே வையுங்கள். சேனலை மட்டும் மாற்றி அமையுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகியவற்றில் கீழே ஒன்றும் மாடியில் வேறொன்றும் இருக்கட்டும். இவ்வளவு செய்த பிறகும், மாடியேறிய தொலைபேசி கீழே உள்ள ரவுட்டரையே பற்றிக்கொண்டிருப்பதைச் சில நேரம் காண்பீர்கள். எந்த ரவுட்டருக்கு மாறுவது என்பதைத் தொலைபேசியே முடிவு செய்கிறது. பழைய சிக்னல் மிகவும் தேய்ந்த பிறகே பல கருவிகள் மாற முனைகின்றன. முதன்மை ரவுட்டரின் ஒலிபரப்புத் திறனைச் சற்றுக் குறைத்தால் இந்தத் தாமதம் குறையும். சிக்னலைக் குறைத்து நிலைமையைச் சீராக்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆனாலும் தயங்காமல் செய்து பாருங்கள்.

கேபிள் இழுக்கவே முடியாத வீடு என்றால், மின்கம்பி வழியாகத் தரவை அனுப்பும் பவர்லைன் அடாப்டர்கள் ஒரு வழி. இரண்டு தளங்களும் வேறு வேறு மின்சுற்றில் இருந்தால் அவற்றின் வேகம் வெகுவாகக் குறையக்கூடும் என்பதால், பிடிக்காவிட்டால் திருப்பித்தர முடியுமா என்று கேட்டுக்கொண்டே வாங்குங்கள். பல வைஃபை கருவிகள் சேர்ந்து ஒரே நெட்வொர்க்காக இயங்கும் மெஷ் அமைப்பு வாங்குவதானால், அக்கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை ஒன்றை ஒதுக்கும் வகையைப் பாருங்கள். அது இல்லாத மெஷ் கருவிக்கும், வேகம் பாதியாகும் அதே குறை உண்டு.

பழைய ரவுட்டரைப் பொருத்துமுன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். அது குறைந்தது டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு வகையை ஏற்க வேண்டும். அதன் மென்பொருளைக் கிடைக்கும் அண்மைப் பதிப்புக்கு மாற்றி, நிர்வாகக் கடவுச்சொல்லையும் புதிதாக அமைத்துவிடுங்கள். டபிள்யூஇபி என்ற பழைய, பலவீனமான பாதுகாப்பு மட்டுமே தெரிந்த மிகப் பழைய கருவி என்றால் அதை ஒதுக்கிவிட்டு, சாதாரண அக்சஸ் பாயிண்ட் ஒன்றை வாங்கி அதே கேபிளில் பொருத்துங்கள்.